கொள்ளைநோயும் கணக்கும்

இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பிளேக் நோயால் மாண்டோரின் தொகை வாரந்தோறும் குறிக்கப்பட்டது. அத்தொகைகளைப் படமாக வரைந்தால் ஒரு குன்றின் வடிவம் தோன்றும். நோய் சிறிதாகத் தொடங்கியது. விரைந்து ஏறி உச்சியை எட்டியது. பின்னர் இறங்கித் தணிந்தது. தணிந்தபோதும் நோய் தீண்டாத மக்கள் பல இலட்சம் பேர் அந்நகரில் இருந்தனர். அங்ஙனமாயின் நோய் ஏன் நின்றது?

இத்தகைய வினாவுக்கு இரண்டு விடைகள் கூறப்படுவதுண்டு. நோய்க்கு இலக்காக ஆளே இல்லாமற் போயிருக்க வேண்டும் என்பது ஒன்று. கிருமியின் வீரியம் குன்றியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நேராமலே நோய் தணியக்கூடும் என 1927-இல் எடின்பரோவில் பணிபுரிந்த இருவர் கணித வாயிலாகக் காட்டினர். ஒருவர் மெக்கென்ட்ரிக், இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலியிலுள்ள பாஸ்டர் நிலையத்தின் தலைவராக விளங்கியவர். மற்றவர் கெர்மாக் என்னும் இரசாயன அறிஞர். 1924-இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் கண்பார்வையை இழந்த பின்னும் ஆராய்ச்சியைக் கைவிடாதவர்.

அவர்கள் ஊர்மக்களை மூன்று பிரிவாக வகுத்தனர். இனி நோய்க்கு இலக்காகக் கூடியோர் முதற் பிரிவு. நோயுற்றுப் பிறருக்குப் பரப்புவோர் இரண்டாம் பிரிவு. குணமடைந்தோ இறந்தோ நோயின் வழியினின்று நீங்கியோர் மூன்றாம் பிரிவு. முதற் பிரிவிலிருந்து இரண்டாவதற்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் மக்கள் எவ்வளவு விரைவாகச் செல்கின்றனர் என்பதே கணக்கின் சாரம்.

அரசாங்க ஏடுகளைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட நாம் கணித வல்லுநர் அல்லோம். ஆயினும் இதன் உட்கருத்தை அறிவதற்குப் பெருக்கல் வாய்பாடே போதுமானது. ஒரு நோயாளி மூவருக்கு நோயைத் தருகிறார் எனக் கொள்வோம். மூவர் 9 பேருக்கும், அவர்கள் 27 பேருக்கும் தருவர். ஐந்தாம் படியில் மட்டும் 243 பேர் நோயுறுவர். இனி, ஊராரில் மூன்றில் இரு பங்கினர் முன்னரே நோய் கண்டு தேறியோ, தடுப்பூசி பெற்றோ காப்புற்றிருப்பின், நோயாளி நெருங்கும் மூவரில் ஒருவருக்கே நோய் தொற்றும். ஒருவர் ஒருவருக்கே தந்தால் நோய் பெருகாது. அதனினும் குறைந்தால் அவிந்து போகும். ஆகவே இலக்காகக் கூடியோர் தொகை ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கினாலே போதும். எஞ்சியோர், தாம் காப்புப் பெறாதவராயினும், சுற்றியுள்ளோரின் காப்பினால் தப்புவர்.

இக்கருத்தின் வித்து முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். எல்லாக் கொசுக்களையும் ஒழித்தல் இயலுமோ என ஐயுற்றோருக்கு அவர் கணக்கினாலேயே விடை தந்தார்: கொசுக்களின் தொகையை ஓர் அளவுக்குக் கீழ் குறைத்தாலே மலேரியா தானே மறையும் என்றார்.

கணக்குக்கும் வரம்பு உண்டு. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் வரைந்த வளைகோடு பம்பாய்ப் புள்ளிகளுடன் நன்கு பொருந்தியது. ஆனால் அந்நகரின் பிளேக், பெரும்பாலும் எலியின் தெள்ளுப்பூச்சி வாயிலாக மனிதரைப் பற்றியதேயன்றி, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதன்று. இதனை அவ்வறிஞர்களும் உணர்ந்தே எழுதினர். கோடு பொருந்திய மாத்திரத்தில் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. 2020-இல் கோவிட் பரவியபோது வெளிவந்த கணிப்புகளையும் இவ்வெச்சரிக்கையுடனேயே நோக்குதல் தகும்.

இக்கணக்கு நம் இல்லத்துக்குள் நுழையும் இடம் ஒன்றுண்டு. மணல்வாரி எனப்படும் தட்டம்மை, காப்பில்லாத ஊரில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றும் எனக் கணித்துள்ளனர். 15 எனக் கொண்டால், 15 பேரில் 14 பேராவது காப்புற்றிருத்தல் வேண்டும். ஏறத்தாழ 93 விழுக்காடு. இதுபற்றியே 95 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி என்பது இலக்காயிற்று. மாநிலம் முழுவதற்குமான சராசரி இலக்கை எட்டினாலும், ஊசி பெறாத குழந்தைகள் ஒரே சந்தில் கூடி வாழ்ந்தால் நோய் அங்கே மூளும்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். இத்தடுப்பூசியின் முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். முதல் ஊசி தாய்வீட்டில் போடப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு முன் குடும்பம் புனேக்கோ சூரத்துக்கோ பெயர்ந்திருக்கும். மொழி தெரியாத தயக்கத்தில் தவணை தவறிவிடும். அரசாங்க சுகாதார நிலையங்களில் இவ்வூசி எம்மாநிலத்திலும் இலவசமே. தடுப்பூசி அட்டையைப் பயண மூட்டையில் மறவாது வைத்துச் செல்க. புதிய ஊரில் அதனைக் காட்டினால் மொழி அதிகம் வேண்டியதில்லை. அந்த ஓர் ஊசி நம் குழந்தையைக் காப்பதோடு, ஊசி போடும் வயதை எட்டாத அண்டை வீட்டுச் சிசுவையும் காக்கும்.