கடைவீதிக்கு என்ன பெயர்?
ஜப்பானியச் சொற்கள் சொல்லும் வணிகப் பாடம்

வணிகப் பெருமக்களுக்குச் சரக்கின் பெயர் தெரியும், ரகம் தெரியும், விலை தெரியும். ஆனால் கடை இருக்கும் தெருவின் பெயரைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. பில் புத்தகத்தில் விலாசமாக அச்சடிப்பதோடு சரி. ஒரு கடைவீதியை மக்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கவனித்தால், அங்கே வியாபாரம் வளர்ந்த கதையும் தளர்ந்த கதையும் அந்தப் பெயரிலேயே இருப்பதைக் காணலாம்.

இதற்கு ஜப்பானைப் போல நல்ல உதாரணம் வேறு இல்லை. நகரத்து இடங்களுக்கு அந்நாட்டாரிடம் பழைய சொற்களும் உண்டு. ஆங்கிலத்திலிருந்து வாங்கித் தங்கள் நாவுக்கு ஏற்ப நறுக்கிக்கொண்ட புதிய சொற்களும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிறு வணிகர்கள் பட்ட பாடு முழுவதும் தெரிகிறது.

சந்தை நாளே ஊர்ப் பெயர்

ஜப்பானில் மியே மாநிலத்தில் யொக்கைச்சி என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. இன்று அது பெரிய தொழில் நகரம். பெயரைப் பிரித்தால் 'யொக்கா' என்பது நான்காம் தேதி, 'இச்சி' என்பது சந்தை. மாதத்தில் 4, 14, 24 ஆகிய தேதிகளில் அங்கே சந்தை கூடியது. சந்தை கூடிய நாளே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. ஃபுகுவோகா பக்கம் ஃபுட்சுகைச்சி என்ற ஊரும் உண்டு; அது இரண்டாம் தேதிச் சந்தை.

ஆங்கிலேயர் நாட்டிலும் இதே கதைதான். லண்டனில் சீப்சைடு என்றொரு பழைய வீதி இருக்கிறது. 'சீப்' என்றால் மலிவு என்று நாம் நினைப்போம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வியாபாரம், சந்தை என்பதே பொருள். அதையொட்டி ரொட்டித் தெரு, பால் தெரு என்று பொருள்படும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. 'குரோசர்' என்ற சொல்லும் முதலில் மளிகைச் சில்லறைக் கடைக்காரரைக் குறிக்கவில்லை. மொத்தமாக வாங்கி விற்பவரையே குறித்தது. லண்டன் குரோசர்கள் சங்கத்துக்கு முன்னோடியாக இருந்தவர்கள் மிளகு வணிகர்கள்.

'கின்ஸா' என்னும் மந்திரச் சொல்

டோக்கியோவில் கின்ஸா என்றால் விலை உயர்ந்த கடைகள் நிறைந்த இடம் என்று உலகமே அறியும். அந்தப் பெயரில் 'கின்' என்பது வெள்ளி. 'ஸா' என்பதற்கு இருக்கை, வணிகர் குழு என்ற பொருள்கள் உண்டு. 1612இல் வெள்ளி நாணயச் சாலை அங்கே மாற்றப்பட்டதால் வந்த பெயர் அது. நாணயச் சாலை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

1923இல் பெரும் நிலநடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. கின்ஸாவில் இடிந்த செங்கற்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. நகரின் தெற்கே டோகோஷி என்ற இடத்தில் மழை பெய்தால் சேறாகிவிடும் ஒரு தெரு. அங்கே இருந்த கடைக்காரர்கள் அந்தச் செங்கற்களை வாங்கி வந்து தங்கள் தெருவில் பரப்பினார்கள். கல்லோடு பெயரையும் எடுத்துக்கொண்டு 'டோகோஷி கின்ஸா' என்று வைத்தார்கள். இன்று அந்த வீதி சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம். ஏறத்தாழ 400 கடைகள். அதைப் பார்த்து நாடெங்கும் நூற்றுக்கணக்கான 'கின்ஸா'க்கள் தோன்றின. ஒரு நல்ல பெயருக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தெரு முழுவதும் ஒரே கடை

இப்படிப்பட்ட கடைவீதிக்கு ஜப்பானியர் சொல்லும் பொதுப் பெயர் 'ஷோடெங்காய்'. நம் காதுக்கு ஏதோ காய்கறிப் பெயர் போல இருக்கிறது! 'ஷோ' வணிகம், 'டென்' கடை, 'காய்' தெரு. வெறுமனே கடைகள் உள்ள தெரு என்று இதற்குப் பொருள் கொண்டால் போதாது. அங்கே தெருவுக்கென்று ஒரு சங்கம் இருக்கும். விளக்குக் கம்பம், மழைக்குக் கூரை, பண்டிகைத் தோரணம், தள்ளுபடி நாள், பரிசுக் கூப்பன் எல்லாவற்றுக்கும் கடைக்காரர்கள் பங்கு போட்டுச் செலவு செய்வார்கள். இத்தகைய கடைவீதிக் கூட்டுறவு அமைப்புகளுக்கென்றே 1962இல் தனிச் சட்டம் வந்தது.

ஒசாக்காவில் டென்ஜின்பாஷி கடைவீதி சுமார் 2.6 கிலோமீட்டர் நீளம். கடைகள் ஏறத்தாழ 600. தெருவுக்கு மேலே போட்ட கூரைக்கு 'ஆர்கேட்' என்ற ஆங்கிலச் சொல்லையே 'ஆகேடோ' என்று சொல்கிறார்கள். சொல் கடன் வாங்கியது. கூரையோ கடைக்காரர்களின் சொந்தக் கைப்பணத்தில் எழுந்தது.

மொத்த வணிகருக்கு 'தோன்யா' என்று பெயர். அவர்கள் கூடியிருக்கும் தெரு 'தோன்யாகாய்'. டோக்கியோவின் கப்பாபாஷியில் சமையல் பாத்திரங்கள், ஓட்டல் சாமான்கள் விற்கும் சுமார் 170 கடைகள் ஒரே வீதியில் இருக்கின்றன. பக்கத்துக் கடையும் அதே சரக்கை விற்கிறதே என்று யாரும் அங்கே அஞ்சுவதில்லை. எல்லோரும் சேர்ந்து இருப்பதால்தான் வெளியூர் ஓட்டல்காரர் அங்கே தேடி வருகிறார்.

சுருங்கிய ஆங்கிலம், பெருகிய கடைகள்

பெரிய கடைகளின் வரலாறும் ஜப்பானில் பழையதே. 1673இல் மிட்சுய் தகதோஷி என்ற வணிகர் டோக்கியோவில் எச்சிகோயா துணிக்கடையைத் தொடங்கினார். கடன் இல்லை, பேரம் இல்லை, ரொக்கத்துக்கு ஒரே விலை என்ற முறையால் அது வளர்ந்தது. 1904இல் அது மிட்சுகோஷி என்னும் பல்பொருள் அங்காடியாயிற்று. அத்தகைய கடைக்கு 'ஹ்யக்கடென்', அதாவது நூறு சரக்குக் கடை என்று பெயர். ஆனால் மக்கள் வாயில் 'டிபார்ட்மென்ட் ஸ்டோர்' என்ற ஆங்கிலம் சுருங்கி 'டெபாடோ' ஆகிவிட்டது.

அதன் பிறகு சுருக்கல்கள் வரிசையாக வந்தன. சூப்பர் மார்க்கெட் 'சூப்பா' ஆயிற்று. கன்வீனியன்ஸ் ஸ்டோர் 'கொன்பினி' ஆயிற்று. டெபாடோவின் அடித்தளத்தில் உள்ள தின்பண்டப் பிரிவு 'டெபாச்சிக்கா'. ஆங்கிலத்தில் பாதி, ஜப்பானியத்தில் பாதி. ரயில் நிலையத்துக்குள்ளேயே அமைந்த கடைகள் 'எக்கிநாக்கா', அதாவது நிலையத்தின் உள்ளே. இந்தக் கடைசிச் சொல்லைச் சிறு வணிகர் கவனிக்க வேண்டும். முன்பு ரயிலை விட்டு இறங்கியவர் நிலையத்துக்கு எதிரே இருந்த கடைவீதி வழியாக வீட்டுக்கு நடந்தார். இப்போது அவர் வெளியே வருமுன்பே பை நிறைந்துவிடுகிறது.

கொன்பினியின் கதை இன்னும் நுட்பமானது. 1974 மே மாதம் டோக்கியோவின் டொயோசு பகுதியில் ஜப்பானின் முதல் செவன்-இலெவன் கடை திறக்கப்பட்டது. அது புதிதாகக் கட்டிய கடை அன்று. அதுவரை ஒரு குடும்பம் நடத்திவந்த மதுக்கடை. இன்று நாடு முழுவதும் 50,000க்கு மேற்பட்ட கொன்பினிகள் உள்ளன. குடும்பக் கடையாக இருந்து பெயர்ப் பலகை மாறியவை அவற்றில் பல. கடை பிழைத்தது உண்மை. ஆனால் நேரத்தையும் சரக்கையும் தீர்மானிக்கும் உரிமை பெரும்பாலும் தலைமை நிறுவனத்துக்குப் போயிற்று. 2019இல் ஒசாக்கா பக்கம் ஒரு கடைக்காரர் ஆள் கிடைக்காமல் இரவில் கடையை மூடத் தொடங்கினார். தன் கடையைத் தான் மூடுவது நாடு தழுவிய விவாதமாயிற்று என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

'ஷட்டர் தெரு' வந்த விதம்

சிறு கடைகளைக் காக்கும் சட்டம் ஜப்பானில் இல்லாமல் இல்லை. 1973இல் பெருங்கடைச் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெரிய கடை திறக்க விரும்புவோர் அந்த வட்டார வணிகர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற நிலை இருந்தது. அமெரிக்காவுடன் 1989-90இல் நடந்த வர்த்தகப் பேச்சுக்குப் பிறகு அது தளர்ந்தது, 2000இல் நீக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த சட்டம் போக்குவரத்து, இரைச்சல், குப்பை ஆகியவற்றைப் பார்த்ததே தவிர, உள்ளூர் வியாபாரத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே பெரும் வளாகங்கள் பெருகின. 2006இல் நகரமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளுக்குப் புறநகரில் கட்டுப்பாடு விதித்தார்கள். அதற்குள் பல வீதிகள் இருண்டுவிட்டன.

ஆனால் சட்டம் போனதால்தான் எல்லாம் போயிற்று என்று சொல்லிவிட்டால் அது முழு உண்மை ஆகாது. 1982இல் ஜப்பானில் சுமார் 17 லட்சம் சில்லறைக் கடைகள் இருந்தன. 2007இல் அது சுமார் 11 லட்சம். இறக்கம் தொடங்கியபோது சட்டம் உயிரோடுதான் இருந்தது. வாடிக்கையாளர் காரில் போகத் தொடங்கினார், கடைக்காரருக்கு வயதாயிற்று, பிள்ளைகள் கல்லாவில் உட்கார விரும்பவில்லை. கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்த முதியவர் கடையை மூடினாலும் வாடகைக்கு விடவில்லை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு இறங்கிய வீதிக்கு 'ஷட்டாகாய்', அதாவது ஷட்டர் தெரு என்று பெயர் வந்துவிட்டது. கின்ஸா என்பது கடைக்காரர்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர். ஷட்டர் தெரு என்பது ஊர் சூட்டிய பெயர்.

பாலைவனமும் அகதியும்

வீதி மூடினால் நஷ்டம் வணிகருக்கு மட்டும்தானா? இதற்கும் சொற்களே விடை சொல்கின்றன. பக்கத்தில் நல்ல உணவுப் பொருள் வாங்கக் கடையே இல்லாத பகுதியை ஆங்கிலத்தில் 'உணவுப் பாலைவனம்' என்கிறார்கள். ஜப்பானியர் 'கைமோனோ நன்மின்' என்கிறார்கள். கடைக்குப் போக வழியற்ற அகதி என்று பொருள். ஆங்கிலம் நிலத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது. ஜப்பானியம் கையில் பையோடு நிற்கும் கிழவியைப் பார்த்துப் பெயர் வைத்தது.

கடை 500 மீட்டருக்கு அப்பால், கார் ஓட்டவும் வழியில்லை என்ற நிலையில் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டோர் 2020இல் சுமார் 90 லட்சம் பேர் என்று ஜப்பானின் வேளாண்துறை கணக்கிட்டது. முதியோரில் நான்கில் ஒருவர்! அரை கிலோ சர்க்கரைக்கும் ஒரு கட்டு கீரைக்கும் அருகில் ஒரு கடை இருப்பது எவ்வளவு பெரிய சேவை என்பது, அது இல்லாமல் போன பிறகுதான் கணக்கில் வருகிறது.

பாட்டிமார் வீதி

இறுதியாக ஒரு நம்பிக்கையான பெயர். டோக்கியோவில் சுகாமோ என்ற இடத்தில் ஒரு கோயிலை ஒட்டி சுமார் 200 கடைகள் கொண்ட வீதி உண்டு. ஹராஜுகு என்பது இளைஞர்கள் கூடும் நாகரிக இடம். சுகாமோவை மக்கள் 'பாட்டிமாரின் ஹராஜுகு' என்று செல்லமாக அழைக்கிறார்கள். வயதானவர்களை விட்டு எல்லோரும் இளைஞர் பின்னே ஓடியபோது, இவ்வீதி வயதானவர்களையே வாடிக்கையாளராகக் கொண்டது. அவர்களுக்கு வேண்டிய துணி, இனிப்பு, ஊறுகாய் எல்லாம் அங்கே கிடைக்கும். 4, 14, 24 தேதிகளில் கோயில் திருநாள்; அன்று வீதி நிரம்பி வழியும். யொக்கைச்சியில் சந்தை கூடிய அதே தேதிகள்!

நம் வணிகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுதான். தனிக் கடைக்குப் பெயர்ப் பலகை போட ஒருவர் போதும். வீதிக்குப் பெயர் எடுக்க எல்லோரும் வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். விளக்கு, சுத்தம், நடக்க இடம், பொதுவான ஒரு விற்பனை நாள், யாருக்காக இந்த வீதி என்ற தெளிவு, இவற்றில் ஒன்றையாவது அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசித் தொடங்கலாம். நம் வீதிக்கு நாம் பெயர் வைக்காவிட்டால், ஊர் ஒரு பெயர் வைக்கும்.