மறைந்து மீண்ட சிற்றாந்தை

ஆந்தை என்றதும் நம்மிற் பலருக்கு இருட்டும் அலறலும் அபசகுனமுமே நினைவுக்கு வருகின்றன. வீட்டுக் கூரையில் அது வந்தமர்ந்தால் கல்லெறிந்து துரத்துகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால், பகல் வெளிச்சத்திலேயே இலையுதிர்ந்த கிளையில் வெளிப்படையாக அமர்ந்து இரை தேடும் ஆந்தை ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. உலகில் வேறெந்த நாட்டிலும் அஃது இல்லை. மத்திய இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் உள்ள தேக்கு மரக் காடுகளே அதன் தாயகம். காட்டுச் சிற்றாந்தை என்று அதனை நாம் அழைக்கலாம். மராத்தி மொழியில் ரான்பிங்களா என்பர். நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் பறவையியலார் கண்ணில் படாமலிருந்து, அழிந்தே போயிற்று என்று பலரும் கருதிய பின்னர் அது மீண்டும் காணப்பட்டது. அது மறைந்தது எவ்வாறு, கிடைத்தது எவ்வாறு, இனி அதைக் காக்கும் வழி யாது என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1872ஆம் ஆண்டில், இன்றைய சத்தீசுகர் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள பசுனா என்னும் ஊரின் அருகே, பிளெவிட் என்ற ஆங்கிலேயர் சிறிய ஆந்தை ஒன்றைச் சுட்டு எடுத்தார். அதனை ஆராய்ந்து, இது புதிய இனம் என்று 1873இல் உலகுக்கு அறிவித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். இந்திய தேசிய காங்கிரசு தோன்றக் காரணமாயிருந்தவர் என்று நாம் அரசியல் வரலாற்றில் படிக்கும் அதே ஹியூம்தான். பறவைகளைக் கண்டெடுத்தவரின் பெயரை அவர் அதற்குச் சூட்டினார். பின்னர்க் கான்தேசப் பகுதியில் அதிகாரியாயிருந்த ஜேம்சு டேவிட்சன் என்பவர் சில பறவைகளைச் சேகரித்தார். 1884ஆம் ஆண்டோடு அந்தச் சேகரிப்பு நின்றுவிட்டது. உலகத்து அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து, பஞ்சடைத்த ஏழே உடல்கள்தாம் எஞ்சின. உயிருடன் பறக்கும் பறவையைப் பற்றி அதன்பின் நம்பத்தகுந்த செய்தி எதுவும் இல்லை.

ஆயினும், ஒரு குறிப்பு மட்டும் தேடுவோருக்கு நம்பிக்கை ஊட்டி வந்தது. ரிச்சர்டு மைனர்ட்சாகன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, தாம் 1914இல் குஜராத்தில் தபதி ஆற்றங்கரையிலுள்ள மாண்டவி என்னும் இடத்தில் இப்பறவையைச் சுட்டதாகக் கூறி, உடலையும் சீட்டையும் காட்டியிருந்தார். பெரும் புகழ் வாய்ந்த அவர் கூற்றை ஐயுற யாருக்கும் தோன்றவில்லை. இப்பறவையைத் தேடிச் சென்றவர்களுக்கு அந்த ஊரின் பெயரே வழிகாட்டியாக அமைந்தது. நம் நாட்டின் தலைசிறந்த பறவையியல் அறிஞர் சலீம் அலியும், அவருடைய அமெரிக்க நண்பர் ரிப்ளேயும் தேடியும் பறவை கிடைக்கவில்லை.

மைனர்ட்சாகன் 1967இல் காலமானார். பல ஆண்டுகள் கழித்து, பமீலா ராசுமுசன் என்ற அமெரிக்கப் பறவையியலார் அவருடைய சேகரிப்பை ஐயத்தோடு நோக்கத் தொடங்கினார். பஞ்சடைக்கும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். கையெழுத்தைப்போல அதைக் கொண்டே செய்தவரை அடையாளம் காணலாம். எக்சு-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, 1914ஆம் ஆண்டுச் சீட்டைத் தாங்கிய உடல், முன்பு டேவிட்சன் பதப்படுத்தியது என்பதும், பின்னர் யாரோ அதைப் பிரித்துத் திரும்ப அடைத்திருக்கின்றனர் என்பதும் புலனாயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட பறவைக்குப் பொய்ச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது! ராசுமுசனும் காலர் என்னும் அறிஞரும் இவ்வுண்மையை 1999இல் விரிவாக வெளியிட்டனர். ஒரு பொய்ச் சீட்டு எத்தனை பேருடைய உழைப்பைத் திசை திருப்பியது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பும் வருத்தமும் உண்டாகின்றன.

மாண்டவியை ஒதுக்கிவிட்டு, மெய்யான உடல்கள் கிடைத்த இடங்களில் மட்டுமே தேடுவது என்று ராசுமுசன் முடிவு செய்தார். 1997ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பென் கிங், டேவிட் அபட் என்ற இருவருடன் இந்தியாவுக்கு வந்தார். முதலில் கிழக்குப் பகுதிக் காடுகளில் தேடினர், பயனில்லை. பின்னர் மேற்கே வந்து, மகாராட்டிர மாநிலத்தில் சகாதா நகரத்தை அடுத்த சாத்பூரா மலையடிவாரக் காட்டுக்குள் நுழைந்தனர். நவம்பர் 25ஆம் நாள் காலையில், இலையற்ற மரம் ஒன்றின் கிளையில், வெயிலில் அமர்ந்திருந்த சிறிய ஆந்தையைக் கிங் முதலிற் கண்டார். தலையிலும் முதுகிலும் புள்ளிகள் ஏறத்தாழ இல்லை. கால்களிலே அடர்ந்த வெண்ணிறத் தூவி. ஏட்டில் மட்டும் இருந்த பறவை கண்முன்னே உயிருடன் அமர்ந்திருந்தது.

காட்டில் வாழும் மக்கள் இடைப்பட்ட காலமெல்லாம் அதனைக் கண்டிருக்கக்கூடும். அவர்களிடம் கேட்போரும், கேட்டதை எழுதி வைப்போரும் இல்லாமற் போயினர். மேலும், நம் ஊர்ப்புறங்களில் எங்கும் காணப்படும் புள்ளி ஆந்தையை இது உருவில் ஒத்திருப்பதால், பார்த்தவர்களும் வேறுபாட்டை உணராமல் சென்றிருக்கலாம். புள்ளி ஆந்தையின் தலை நிறைய வெண்புள்ளிகள் தெளித்திருக்கும். காட்டுச் சிற்றாந்தையின் தலையோ பழுப்பும் சாம்பலும் கலந்து பெரும்பாலும் மறுவின்றி இருக்கும். இறகிலும் வாலிலும் பட்டை பட்டையான வெள்ளைக் கோடுகள் உண்டு. நீளம் ஏறத்தாழ 23 செண்டிமீட்டர். தலை சற்றுப் பெரிது. கால் நகங்கள் வலிமை மிக்கவை. அமர்ந்திருக்கும்போது வாலைப் பக்கவாட்டில் விரைந்து ஆட்டுவது இதன் வழக்கம்.

மீண்டும் காணப்பட்ட மறு ஆண்டே, மும்பையில் 1883 முதல் இயங்கிவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இதன் வாழ்க்கை முறையை ஆராயத் தொடங்கினர். தோரண்மால், மேல்காட் ஆகிய மகாராட்டிரக் காடுகளிலும், மத்தியப் பிரதேசத்துக் கண்டுவா வட்டாரத்திலும் இப்பறவைகள் காணப்பட்டன. ஓணான், அரணை, எலி, வெட்டுக்கிளி முதலியவை இதன் உணவு. குளிர்காலத்தை ஒட்டி முட்டையிடும். பெண் பறவை மரப்பொந்தில் அடைகாக்க, ஆண் பறவை இரை கொண்டுவந்து ஊட்டும். இங்கே நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த ஆந்தையால் தானே பொந்து குடைய இயலாது. முதிர்ந்த மரத்தில் இற்றுப்போன கிளை விழுந்த இடத்தில் தானாக உண்டான பொந்தோ, வேறு பறவை குடைந்துவிட்டுப் போன பொந்தோ வேண்டும். எனவே, இளமரங்கள் ஆயிரம் இருந்தாலும் கிழமரங்கள் சில இல்லையேல் இப்பறவைக்கு அங்கே குடியிருப்பு இல்லை.

மரத்தை விலைப்பொருளாகக் காணும் கண்ணுக்குப் பொந்துள்ள மரம் பயனற்றது. விறகுக்கு வெட்டுகிறவருக்கோ பட்ட மரமே முதலில் தென்படும். இவ்வாறு இரு வகையாலும் முதலில் வீழ்வது சிற்றாந்தையின் வீடு. காடு திருத்தி வயலாக்கப்படுவதும், கோடையில் வைக்கப்படும் தீயும், வயலோரங்களில் எலிகளுக்கு வைக்கும் நஞ்சும் வேறு இடர்கள். இவற்றோடு மூடநம்பிக்கையும் சேர்கிறது. மந்திர தந்திரத்திற்கென்று ஆந்தைகளைப் பிடித்து விற்போர், குறிப்பாகத் தீபாவளிக் காலத்தில், நாட்டின் பல பகுதிகளில் இருக்கின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது கடுங்குற்றமாகும்.

ஐரோப்பாவில் நடந்த ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். அங்கே ஊசியிலை மரக் காடுகளில் கேப்பர்கெய்லி என்னும் பெரிய காட்டுக்கோழி வாழ்கிறது. காடழிப்பாலும் வேட்டையாலும் ஸ்காத்லாந்தில் அது 1785ஆம் ஆண்டையொட்டி முற்றிலும் அற்றுப்போயிற்று. 1837இல் சுவீடன் நாட்டிலிருந்து பறவைகளைக் கொணர்ந்து விட்டனர். அவை பெருகிப் பல்லாயிரமாயின. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் விரைவாகக் குறைந்தன. இளமரங்களை மான்கள் மேய்ந்துவிடாதபடி கட்டிய கம்பி வேலிகளில் இக்கோழிகள் பறந்து மோதி மடிந்தன என்று கண்டு, வேலிகளை அகற்றினர். அகற்ற இயலாதவற்றிற்குப் பார்வையில் படும் அடையாளங்கள் கட்டினர். இத்தனை செய்தும் அங்கே இன்று சில நூறு பறவைகளே உள்ளன. ஒரு முறை நலிந்த இனத்தை மீட்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இது சான்று. ஆனால் ஸ்காத்லாந்துக்குச் சுவீடன் இருந்தது. நம் சிற்றாந்தை இங்கே அற்றுப்போகுமானால், கடன் கேட்க இன்னொரு நாடு இல்லை.

இனி, மும்பைவாழ் தமிழர்களாகிய நமக்கும் இப்பறவைக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், தாணே மாவட்டத்துத் தான்சா வனவிலங்குச் சரணாலயத்தில் காட்டுச் சிற்றாந்தை காணப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதைக் கண்டது அதுவே முதன்முறை. தான்சா எங்கோ உள்ள இடமன்று. மும்பையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுதான். 1892ஆம் ஆண்டு முதல் இந்நகரத்துக்கு நீர் தரும் ஏரி அந்தக் காட்டின் நடுவே இருக்கிறது. விக்ரோலியிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் நாம் காலையில் குழாயைத் திறக்கும்போது, மழைநீரைத் தாங்கி நிறுத்தி ஏரிகளுக்கு அனுப்பிய அவ்வட்டாரத்துக் காடுகளுக்கும் அந்நீரில் பங்குண்டு. அக்காடு நிற்கும் வரையில் நமக்கு நீரும், ஆந்தைக்குப் பொந்தும் உண்டு.

2018ஆம் ஆண்டில், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை மிக இடருற்ற நிலையிலிருந்து ஒரு படி குறைத்து, அழியும் நிலையிலுள்ள இனம் என்று வகைப்படுத்தியது. புதிய இடங்கள் பல கண்டறியப்பட்டதே இதற்குக் காரணம். எனினும் முதிர்ந்த பறவைகள் ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்பது அவ்வொன்றியத்தின் மதிப்பீடு. அவற்றுள் பல, சரணாலய எல்லைக்கு வெளியே, மக்கள் ஆடுமாடு மேய்த்து விறகெடுக்கும் காடுகளில் வாழ்கின்றன. எனவே சட்டத்தாலும் காவலாலும் மட்டும் அவற்றைக் காத்துவிட முடியாது. வாருலிகள், கோர்க்குகள், பீலர்கள் போன்ற காட்டுக்குடி மக்களின் பிழைப்பையும் கருத்திற்கொண்டு, பொந்துள்ள கிழமரங்களை வெட்டாமல் விடும் வழக்கத்தை அவர்கள் ஒப்புதலோடு நிலைபெறச் செய்ய வேண்டும். விறகுக்கு மாற்று எரிபொருள் தடையின்றிக் கிடைத்தால் அந்த ஒப்புதல் எளிதாகும்.

நகரத்தில் வாழும் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. விடுமுறை நாளில் தான்சா பக்கம் செல்வோர், ஒலிப்பதிவுக் கருவியில் ஆந்தையின் குரலை எழுப்பி அதனை வெளியே இழுக்க முயலலாகாது. முட்டையிடும் காலத்தில் அப்படிச் செய்வது கூட்டையே கலைத்துவிடும். கூடிருக்கும் மரத்தைப் படம் பிடித்து ஊரறியச் சொல்வதும் தகாது. கடைத்தெருவில் ஆந்தை விற்கக் கண்டால் வனத்துறைக்கு அறிவிக்கலாம். வீட்டருகே ஆந்தை வந்தமர்ந்தால், கல்லெடுக்கும் பிள்ளைகளுக்கு அஃது எலி பிடித்து நமக்கு உதவும் பறவை என்று எடுத்துச் சொல்லலாம். நூற்றாண்டுக்கு மேல் தேடிக் கிடைத்த பறவையை மறுபடியும் இழந்துவிடாமல் காப்பதற்கு, இச்சிறு செயல்களும் துணை செய்யும்.