கறுப்புத் திரை கேட்டால் ஏன் பதறுகிறார்கள்?

வெப் ஹோஸ்டிங் விற்கும் கம்பெனிகளின் விலைப்பட்டியலைப் பார்த்தால், கீழே எங்கேயாவது ‘எஸ்.எஸ்.ஹெச். ஆக்சஸ்’ என்று ஒரு வரி இருக்கும். மலிவான திட்டத்துக்கு நேரே பெருக்கல் குறி, விலை கூடியதற்கு நேரே டிக். என்னிடம் வருகிறவர்கள் யாரும் அந்த வரியைப் படித்ததில்லை. ஸ்வீட் ஸ்டால் நடத்துகிறவருக்கு வருஷத்துக்கு எவ்வளவு என்று தெரிந்தால் போதும். நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் சுற்றுவட்டாரத்துக் கடைகள், பள்ளிகள், கிளினிக்குகளின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது பிழைப்பு. வெப்சைட் என்பது எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கும் ஃபைல்கள்தான். ஓ.எம்.ஆரில் சிறுசேரி சிப்காட் பக்கம் போனால் பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டடங்களைப் பார்க்கலாம். கடலடி கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுவது அவை இங்கே வந்ததற்கு ஒரு காரணம். ஆனால் சேலையூர் பள்ளியின் வெப்சைட் சிறுசேரியில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. மும்பையில் இருக்கலாம், அமெரிக்காவிலும் இருக்கலாம்.

அந்தக் கம்ப்யூட்டரை இங்கிருந்தபடி இயக்க இரண்டு வழி. ஒன்று, பிரௌசரில் திறக்கும் கன்ட்ரோல் பேனல். எதற்கு பட்டன் வைத்திருக்கிறார்களோ அதை மட்டும் செய்யலாம். இன்னொன்று, எஸ்.எஸ்.ஹெச். வழியாக நுழையும் ஷெல். கறுப்புத் திரை, சிமிட்டும் கர்சர், நாம் தட்டும் கட்டளை, அவ்வளவுதான். ஆனால் அந்த மெஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி.

ஒருகாலத்தில் இந்தக் கறுப்புத் திரைதான் கையில் காசில்லாதவர்களின் இன்டர்நெட். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. படங்களோடு பார்க்க டி.சி.பி./ஐ.பி. அக்கவுன்ட், அதன் விலை நடுத்தர வீடுகளில் நினைத்தே பார்க்க முடியாதது. எழுத்து மட்டும் வரும் ‘ஷெல் அக்கவுன்ட்’ மலிவு, பிறகு வந்த மாணவர் கணக்கு அதைவிட மலிவு. மோடம் கிரீச்சிட்டு இணைந்ததும், பைன் என்ற புரோகிராமில் மெயில் படிப்போம், லிங்க்ஸ் என்ற பிரௌசரில் படமே இல்லாத வெப்சைட் பார்ப்போம். என் வயதுக்காரர்களில் பலர் யூனிக்ஸ் கட்டளைகளைக் கற்றது கல்லூரி லேபில் இல்லை, அந்த மலிவுக் கணக்கில். இன்று பட்டனும் படமும் எல்லாத் திட்டத்திலும் சும்மா வருகிறது. எழுத்துத் திரைக்குத்தான் கூடுதல் காசு!

அதே 1995-இல்தான் பின்லாந்தில் எஸ்.எஸ்.ஹெச். பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிவிட்டார்கள். தூரத்து மெஷினுக்குள் நுழையும் டெல்நெட், ஃபைல் அனுப்பும் எஃப்.டி.பி. இரண்டுமே பாஸ்வேர்டை அப்படியே வெளிச்சத்தில் அனுப்புபவை. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து இலோனென், எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் புரோகிராம் ஒன்றை எழுதினார். எஃப்.டி.பி.யின் போர்ட் எண் 21, டெல்நெட்டுக்கு 23. இடையில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவற்றை நிர்வகிப்பவர்கள் இன்றும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

சரி, பிறகு ஹோஸ்டிங் கம்பெனிகளுக்கு ஏன் தயக்கம்? மலிவான ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே மெஷினில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள், நடுவில் மெல்லிய தடுப்பு. ஷெல் கிடைத்த குடித்தனக்காரர் பக்கத்து போர்ஷனில் எட்டிப் பார்க்கலாம். பொதுக் கிணற்றை இறைத்துக் காலி செய்வதுபோல, கிரிப்டோ காசு தோண்டுகிறேன் என்று மொத்த மெஷினின் சக்தியையும் உறிஞ்சலாம். லினக்ஸிலேயே ஓட்டைகள் வருகின்றன. 2022 ஜனவரியில் வெளிவந்த ‘பிவின்கிட்’ ஓட்டை 2009 முதல் அடைக்கப்படாமல் கிடந்தது. மெஷினில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவரும் அதன் வழியாக முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம். எஸ்.எஸ்.ஹெச்.சையே குறிவைத்த சதியும் உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டப்போய், எக்ஸ்.இசட். என்ற சின்ன புரோகிராமுக்குள் ஒளித்துவைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். கம்பெனிக்காரர்கள் வெளியே சொல்லாத பயம் வேறொன்று: அரைகுறையாய்க் கட்டளை தெரிந்தவர் மொத்த ஃபோல்டரையும் அழித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு சப்போர்ட்டுக்குப் போன் போடுவார். அந்த பயம் நியாயமானது. அந்தப் போன்களில் பாதி எனக்கும் வரும்.

ஆனாலும் நான் ஷெல் பக்கம்தான். காரணம் ஒரு மெட்ரிக் பள்ளி.

அட்மிஷன் நேரம். தாளாளர் கூப்பிட்டார். “என்ன தம்பி இது, கூகுள்ல நம்ம ஸ்கூல் பேரைப் போட்டா ஜப்பான் மொழியில ஹேண்ட்பேக் விக்குது?” பழகிய நோய்தான், வேர்ட்பிரஸ் பிளக்-இன் ஒன்றின் ஓட்டை வழியாக எவனோ நுழைந்து ஆயிரக்கணக்கில் போலிப் பக்கங்களைக் கொட்டிவிட்டான். ஷெல் இருந்தால், கடந்த மூன்று நாளில் மாறிய, சைட்டை ஓட்டும் பி.ஹெச்.பி. புரோகிராம் ஃபைல்களையெல்லாம் காட்டு என்று ஒற்றை வரிக் கட்டளை போதும். டீ ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிடும். ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேட்டேன். “செக்யூரிட்டி ரீசன்ஸ் சார், உங்க பிளான்ல ஷெல் கிடையாது.” கன்ட்ரோல் பேனலில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேதி பார்ப்பது ஆகிற காரியமில்லை. மொத்த சைட்டையும் எஃப்.டி.பி.யில் இறக்கி, என் மெஷினில் தேடி, சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவதற்குள் விடிந்துவிட்டது.

தேடியதில் அகப்பட்ட ஃபைல்தான் வேடிக்கை. ஆண்டுவிழாப் படங்கள் இருந்த ஃபோல்டருக்குள், படம்போலப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு பி.ஹெச்.பி. ஃபைல். தொழிலில் அதை ‘வெப்ஷெல்’ என்பார்கள். பிரௌசரில் அதைத் திறந்தால் ஒரு பெட்டி வரும். கட்டளை தட்டினால் சர்வர் கீழ்ப்படியும். ஆக, மாதக்கணக்கில் பணம் கட்டும் எனக்குப் பாதுகாப்புக் கருதி ஷெல் இல்லை. திருடன் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டான்.

இது ஏதோ அபூர்வமாய் நடப்பது இல்லை. பி.ஹெச்.பி. ஃபைலை ஏற்ற அனுமதிக்கும் எந்த சர்வரும், ஏற்கெனவே தன்மேல் அந்நியரின் புரோகிராமை ஓட விட்டிருக்கிறது. பக்கத்து போர்ஷனை எட்டிப் பார்க்கவோ, பிவின்கிட் போன்ற ஓட்டையைக் குடையவோ நினைப்பவன் ஷெல்லுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தடுப்புச் சுவர் பலமாக இருந்தால் ஷெல் கொடுத்தாலும் ஆபத்து குறைவு. சுவர் ஓட்டையாக இருந்தால் ஷெல்லை மறுப்பது பெயருக்குத்தான். கேஜ்எஃப்எஸ் மாதிரி ஏற்பாடுகள் இதற்கென்றே இருக்கின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தன் ஃபைல்கள் மட்டுமே கண்ணில் படும்.

யார், எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவான லாக் விஷயத்திலும் ஷெல்லுக்கே என் ஓட்டு. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். அத்துமீறல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும். எஸ்.எஸ்.ஹெச்.சில் நுழைந்தவர் யார், எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு என்று சர்வர் ஒழுங்காகக் குறித்துவைக்கும். வெப்ஷெல் விட்டுப்போகும் தடயம் ஆயிரம் சாதாரண விசிட்டர்களின் வரிகளுக்கு நடுவே கலந்து கிடக்கும்.

எல்லாருக்கும் திறந்து போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எஸ்.எஸ்.ஹெச். திறந்திருக்கும் சர்வரை வாங்கிய அன்றே, ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். ஸ்வீட் ஸ்டால் கணக்கில் ஷெல் மூடியே இருக்கட்டும். கேட்கிறவருக்கு மட்டும், அடையாளம் சரிபார்த்து, பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஃபைல் முறையில் திறக்கலாம். தட்டுகிறவர்கள் விடிய விடிய தட்டினாலும் சாவியை ஊகிக்க முடியாது. ஷெல்லுக்குத் தனிக் கட்டணம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கு என்ன, பெட்டிக்கடைக்கு என்ன, வைரஸ் ஒன்றுதான்.

கட்டளைகள் இங்கிலீஷ் மேதைகளுக்கு மட்டும் என்பதும் இப்போது உண்மையில்லை. 2012 முதல் வரும் ‘கணியம்’ இதழ் லினக்ஸைத் தமிழிலேயே சொல்லித்தருகிறது, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ லினக்ஸ் புத்தகம் இணையத்தில் இலவசம். என்னிடம் வேலைக்குச் சேரும் பையன்களிடமும் பெண்களிடமும் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்கும்போது உங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போடுங்கள். ஷெல் உண்டா என்று கேளுங்கள். “செக்யூரிட்டி ரீசன்ஸ்” என்று பதில் வந்தால், பாஸ்வேர்டைத் திறந்த தபாலாக அனுப்பும் பழைய எஃப்.டி.பி.யை நிறுத்திவிட்டார்களா, வாடிக்கையாளர்களுக்கு நடுவே என்ன தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று அடுத்ததாகக் கேளுங்கள். இரண்டுக்கும் உருப்படியான பதில் வந்தால் அந்தக் கம்பெனியிலேயே இருக்கலாம், நான் ஆட்சேபிக்க மாட்டேன். அந்தப் பள்ளியை வைத்திருந்த கம்பெனியிடம் இதே கேள்விகளை டிக்கெட் போட்டுக் கேட்டேன். பேக்கப் திட்டத்துக்குத் தள்ளுபடி என்று ஒரு விளம்பர மெயில் வந்தது. மே மாதத்தில் பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம்.