காயகல்பமும் கடைக் களிம்பும்

1938-ஆம் வருஷத் தொடக்கத்தில், மாகாண மந்திரிசபைகளின் விவகாரங்களுக்கு நடுவே, நமது தேசத்துப் பத்திரிகைகள் ஒரு விசித்திரமான செய்திக்கும் இடம் கொடுத்தன. காசி ஹிந்து சர்வகலாசாலையை ஸ்தாபித்தவரும், காங்கிரஸ் மகாசபையின் அக்கிராசனராக விளங்கியவருமான பண்டித மதன மோஹன மாளவியா, தம்முடைய 76-ஆம் வயதில், அலகாபாத்தில் காயகல்ப சிகிச்சையில் பிரவேசித்தார் என்பதே அச்செய்தி. சூரிய வெளிச்சம் புகாதபடி அமைத்த ஒரு குடிலுக்குள், தபஸி பாபா என்னும் ஒரு சாதுவின் மேற்பார்வையில், மாளவியாஜி பல வாரங்கள் தங்கினார். நெல்லிக்கனி சேர்ந்த மருந்தும் பசும்பாலுமே முக்கியமான ஆகாரம். அவர் வெளியே வந்தபோது, முகத்தில் சுருக்கங்கள் குறைந்து பொலிவு கூடியிருப்பதாக வியந்தவர்களும் உண்டு, "ஓய்வும் பாலும் யாருக்குத்தான் பொலிவு தரா?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. காலம் மட்டும் தன் கணக்கில் சலுகை காட்டவில்லை. 1946 நவம்பரில், 85 வயது நிறையச் சில வாரங்களே இருக்கையில், அப்பெரியார் காலமானார்.

இத்தகைய ஆசை நமக்குப் புதிதன்று. மகனிடம் யௌவனத்தைக் கடன் கேட்ட யயாதியையும், கிழத்தோல் களைந்து இளைஞரான சியவன ரிஷியையும் நமது பாட்டிமார் நன்கு அறிவர். இளமையே வேண்டாம், முதுமையைக் கொடு என்று விநாயகரை வேண்டி வாங்கிக்கொண்டவர் என்று சொல்லப்படுபவர், நமக்குத் தெரிந்தவரை, ஔவைப் பிராட்டியார் ஒருவரே. அவரைப் பின்பற்றியவர் எவரையும் காணோம்! ஆகவே, சருமம் ஏன் மூப்படைகிறது, அதை எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்று நேயர்கள் அறிய விரும்புவதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

முதலில் ஒரு சிறு பரீட்சை. நாற்பது வயதைத் தாண்டிய நேயர்கள் தங்கள் சட்டைக் கையையோ ரவிக்கைக் கையையோ சற்று மேலே ஒதுக்கி, மேற்கையின் உட்புறத்தைப் பார்க்கட்டும். பிறகு அதே கையின் புறங்கையைப் பார்க்கட்டும். ஒன்று மெல்லியதாய், ஒரே நிறமாய், மறுவின்றி இருக்கும். மற்றொன்று தடித்தும் வரி விழுந்தும் ஆங்காங்கு கறுத்தும் காணப்படும். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல்கள்! அப்படியிருக்க, ஒன்றை மட்டும் கிழமாக்கியது எது? பதில் தலைக்கு மேலே காய்ந்துகொண்டிருக்கிறது.

சருமத்தை ஓர் ஆடை என்று எண்ணுவது தவறு. அது உயிருள்ள உறுப்பு. வளர்ந்த மனிதருக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ளது. மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு காகிதத்தின் கனமே இருக்கும். அதன் அடித்தட்டில் புதிய அணுக்கள் பிறந்து, மேலே ஏறி, காய்ந்து, செதிலாகி உதிர்கின்றன. வாலிபத்தில் இப்பயணத்துக்குச் சுமார் ஒரு மாதம் ஆகும். வயோதிகத்தில் ஒன்றரை மடங்கு நாளாகிறது. மேல்தோலுக்குக் கீழே இருக்கும் உட்தோல்தான் சருமத்தின் பலம். அங்கே 'கொலாஜன்' என்ற உறுதியான நார்களும், 'எலாஸ்டின்' என்ற இழுபடும் நார்களும், கட்டிலின் கயிற்றைப்போல் பின்னிக் கிடக்கின்றன. கயிறு தளர்ந்தால் கட்டில் குழிவதுபோல், நார் தளர்ந்தால் முகம் தொய்கிறது.

இத்தளர்ச்சி நாம் நினைப்பதைவிட முன்னதாகவே ஆரம்பமாகிறது. இருபத்தைந்து வயதை ஒட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் கொலாஜன் குறையத் தொடங்குகிறது. முப்பதுகளில் சிரித்தால் தோன்றி மறைந்த கண்ணோரக் கோடுகள், மறைவதை மெல்ல மறந்துவிடுகின்றன. நாற்பதுகளில் கன்னத்துக்கு உருட்சி தந்த கொழுப்பு வற்றியும் சரிந்தும், கண்ணுக்குக் கீழே பள்ளம் காண்கிறது. ஸ்திரீகளுக்கோ ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நின்றதும், முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளாகவே சருமத்தின் கொலாஜனில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்துவிடுகிறது. "இரண்டு வருஷத்தில் இப்படி ஆகிவிட்டேனே!" என்று அவ்வயதுப் பெண்மணிகள் கூறுவது மிகையன்று, கணக்குப்படி சரியே. அறுபதுக்குமேல் தோலை மட்டும் குறைகூறிப் பயனில்லை. முகத்தின் எலும்பே கரைந்து, கண்குழி அகன்று, தாடை சிறுக்கிறது. பல் விழுந்தால் வேகம் இன்னும் அதிகம். கூடாரத்தின் கம்பு குட்டையானால் துணி சுருங்காமல் என்ன செய்யும்?

இவையெல்லாம் காலம் செய்யும் வேலை. ஆனால் முகத்தில் நாம் முதுமை என்று காண்பதில் பெரும்பகுதி, காலத்தின் வேலையன்று, வெயிலின் வேலை. ஹாம்பர்க் துறைமுகப் பட்டணத்தில் வைத்தியம் பார்த்த உன்னா என்னும் ஜெர்மானிய நிபுணர், மாலுமிகளின் சருமத்தில் காணும் மாறுதல்களை 1894-ஆம் வருஷத்திலேயே தம் நூலில் வர்ணித்தார். சூரிய ஒளியில், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணங்கள் இரண்டு வகையாக நம்மை அடைகின்றன. 'பி' வகை மேல்தோலைச் சுட்டுக் கறுக்கச் செய்கிறது. 'ஏ' வகை சுடுவதில்லை. ஓசைப்படாமல் உட்தோல்வரை இறங்கி நார்களை அறுக்கிறது. இது மேகமூட்டத்தையும் கடக்கும், ஜன்னல் கண்ணாடியையும் கடக்கும்.

இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சித்திரமே சாட்சி. இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிஸின்' என்ற வைத்திய சஞ்சிகை 2012-இல் வெளியிட்டது. வலக் கன்னத்தைப் பார்த்தால் அறுபது சொல்லலாம். இடக் கன்னமோ உழுது போட்ட வயலைப்போல் ஆழ்ந்த வரிகளுடன் தொங்குகிறது. அந்நாட்டில் வண்டியோட்டி இடப்புறம் அமர்கிறான். பக்கத்து ஜன்னல் வெயில் அந்தக் கன்னத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. நமது ஊர் பஸ் ஓட்டுநர்கள் வலப்புறம் அமர்பவர்கள். அவர்களுடைய வலக் கன்னத்தை நேயர்கள் சற்றுக் கவனித்துப் பார்க்கலாம், அவர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால்.

இவ்விஷயத்தில் மாநிறத்தாரும் கறுப்பு நிறத்தாருமான நாம் பாக்கியசாலிகள். தோலுக்கு நிறம் கொடுக்கும் 'மெலனின்' என்ற பொருளே இயற்கை தந்த குடை. 1979-இல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், கறுத்த மேல்தோல் வெள்ளைத் தோலைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகக் கிரணங்களைத் தடுப்பதாகக் கண்டார்கள். ஆகவேதான் ஐரோப்பியப் பெண்களுக்கு முப்பதிலேயே விழும் சுருக்கம், நம்மவர்களுக்குப் பல ஆண்டுகள் தாமதித்து வருகிறது. நமக்கு முதலில் வருவது சுருக்கமன்று. மங்கு, கரும்புள்ளி, கண்ணைச் சுற்றிய கருமை. வெயில் பட்டதும் மெலனின் தன் கடமையைச் சிற்சில இடங்களில் அளவுக்கு மீறிச் செய்துவிடுகிறது.

வெயிலைத் தடுத்தால் உண்மையில் பயனுண்டா? ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் நாம்பர் என்னும் ஊரில் இதைச் சோதித்தார்கள். 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தினந்தோறும் 'சன்ஸ்கிரீன்' என்னும் வெயில் தடுப்புக் களிம்பைப் பூசச் செய்தார்கள். மறுபிரிவினர் இஷ்டம்போல் விடப்பட்டனர். நாலரை ஆண்டு கழித்துப் புறங்கைத் தோலை அச்செடுத்து ஒப்பிட்டபோது, தினம் பூசியவர்களின் சருமத்தில் மூப்பு நூற்றுக்கு 24 பங்கு குறைவாயிருந்தது. 2013-இல் இம்முடிவு பிரசுரமாயிற்று. அதே சோதனையில், சிலருக்குக் கொடுத்த 'பீட்டா கரோட்டின்' மாத்திரையால் ஒரு பயனும் தென்படவில்லை. உள்ளே விழுங்கும் 'இளமை மாத்திரைகளுக்கு' விளம்பரம் செய்வோர் இந்த இரண்டாவது பகுதியைச் சொல்வதில்லை.

களிம்பு பூசுவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, சந்தனம் இடுவதுபோல் தொட்டுத் தொட்டு வைப்பது. முகத்துக்கும் கழுத்துக்குமாக ஒரு தேக்கரண்டி தேவை. வெளியிலேயே இருப்பவர்கள் இரண்டு மணிக்கொரு தடவை மீண்டும் பூசவேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு, இரும்பு ஆக்ஸைடு கலந்த, சற்று நிறமுள்ள களிம்பே மேல். ஏனெனில் நமது தோலைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்கச் செய்கிறது. இதற்கெல்லாம் பணமில்லை என்போர், பாட்டனார் மூலையில் சாத்தி வைத்த குடையை எடுத்துக்கொண்டு புறப்படலாம். குடை பிடிப்பது கிழவர்களின் வழக்கம் என்று நகைக்கும் இளைஞர்கள்தாம் பிற்காலத்தில் முந்திக் கிழவராகிறார்கள்.

புகையிலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் டுவின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கிறது. அங்கு வந்த 79 ஜோடிகளின் படங்களை ஒப்பிட்டதில், அதிகமாகச் சிகரெட் குடித்தவரே கண்ணிமை தொங்கியும் உதட்டைச் சுற்றி வரி விழுந்தும் மூத்தவராகத் தோன்றினார். இது 2013-இல் வெளியான ஆராய்ச்சி.

விழுந்த சுருக்கத்தை மாற்ற மருந்து உண்டா? ஒன்று உண்டு. 'டிரெட்டினாயின்' என்பது ஏ வைட்டமினின் உறவு. முகப்பருவுக்கு இதைக் கொடுத்து வந்த பிலடெல்பியா டாக்டர் கிளிக்மன், நடுவயது நோயாளிகளின் முகம் வழவழப்பாவதைக் கண்டு, 1986-இல் சுருக்கத்துக்கு மருந்தாக எழுதினார். 1988-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் முப்பது பேருக்குப் பதினாறு வாரம் சோதித்து உறுதி செய்தார்கள். ஆனால் இதே கிளிக்மன்தான் 1951 முதல் 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில் கைதிகளின் தோலில் பற்பல பரிசோதனைகளை நடத்தியவர். அக்கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பு இனத்தார். பிலடெல்பியா நகரசபை 2022-இல்தான் அதற்காக மன்னிப்புக் கேட்டது. அழகுக் களிம்பின் சரித்திரத்தில் இதுவும் ஒரு பக்கம். மருந்தைப் பொறுத்தவரை, வைத்தியர் சொல்லி, இரவில் மட்டும், மிகச் சிறிதளவாகத் தொடங்க வேண்டியது. முதல் சில வாரம் சிவந்து உரியும். கர்ப்பவதிகளுக்கு ஆகாது.

நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போடுவதும் இப்போது நடக்கிறது. கெட்டுப்போன உணவில் உண்டாகும் கொடிய விஷமாகிய 'பொடுலினம்' இதன் சரக்கு! வான்கூவரில் ஒரு கண் வைத்தியப் பெண்மணி இமைத் துடிப்புக்கு இதைக் கொடுத்தபோது, நோயாளியின் நெற்றிக் கோடுகளும் மறைந்தன. மூன்று நான்கு மாதத்தில் கோடுகள் திரும்பிவிடும். பணப்பை மறுபடி இளைக்கும்.

வீட்டு முறைகளில் எண்ணெய்க்கு இடமுண்டு. வறண்ட தோலில் தேங்காயெண்ணெய் நன்கு வேலை செய்வதைப் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி ஒன்று 2004-இல் காட்டியது. குளித்த ஈரம் உலருமுன் தடவினால் மெல்லிய வரிகள் தணிந்து தோன்றும். அறுந்த நார் அதனால் மீளாது.

இவ்வளவும் எழுதியது, இனி வருவதைச் சொல்லவே. இளமை தேடிக் கடைக்குப் போகும் நம் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இளமையன்று, வெளுப்பு. கண்ணனையும் இராமனையும் கரிய மேனியர் என்று கும்பிடும் நாட்டில், பெண் பார்க்க வருவோர் மட்டும் சிவப்புத் தோல் கேட்கிறார்கள். அந்நியர் ஆட்சி 1947-இல் போயிற்று. இந்த அடிமைப் புத்தி போகவில்லை. சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனினை அடக்கி, சில வாரத்தில் முகத்தை வெளுக்கச் செய்து, தோல் வழியே இரத்தத்தில் இறங்குகிறது. கேரளத்தில் மலப்புரம் ஜில்லாவில் 2021 முதல் 2023 வரை, ஒரு விசேஷமான சிறுநீரக வியாதி திடீரென்று அதிகமாவதை வைத்தியர்கள் கண்டார்கள். அந்த வகை வியாதி உறுதியான 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள்! வேறு சில களிம்புகளில் 'ஸ்டிராய்டு' இருக்கிறது. முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, இரத்த நாளம் தெரிந்து, மீசை முளைத்து, விட்டால் எரியும். இத்தகையவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் இந்திய சர்க்கார் விதித்தது. விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தயாரித்தவர் விலாசமும் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலும் இல்லாத டப்பாவை வாங்கவேண்டாம். சில வாரத்தில் முகம் வெளுக்குமென்றால் அதுவே எச்சரிக்கை. ஏற்கெனவே பூசி வருவோர், கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ கண்டால், தாமதியாமல் சிறுநீரைப் பரிசோதிக்கச் செய்து, இன்ன களிம்பு பூசினோம் என்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பூச்சை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு வியாதி தணிந்திருக்கிறது. ஸ்டிராய்டுக் களிம்பாயின், அதை நிறுத்தும் முறையையும் வைத்தியரே சொல்லவேண்டும். மிஞ்சிய பாதரச டப்பாவை அலமாரியில் வைக்கவேண்டாம். பாதரசம் ஆவியாகிப் பரவும். துவாலையிலும் தலையணையிலும் ஒட்டும். 2010-இல் அமெரிக்காவில், தாய் பூசிய களிம்பினால், அதைத் தொட்டும் அறியாத குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் இருக்கக் கண்டார்கள். டப்பாவை இறுக மூடி, உறையிலிட்டு, வைத்தியரிடம் போகும்போது கையோடு கொண்டுபோவது நல்லது.