குண்டூசித் துளைகள்

டீ கொதிக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் உங்கள் கேள்வியைப் பார்த்துவிடுவோம். மத்தீஸ் கண்காட்சிப் படங்களைப் புரட்டிவிட்டு, "கலர் பேப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறார், இதையுமா ஓவியம் என்கிறார்கள்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2014 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடந்த கண்காட்சி அது. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் தம் கடைசிக் காலத்தில் வெட்டிய வண்ணத்தாள்கள்தான் அங்கே விஷயமே. ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்த அக்டோபரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது.

வழக்கமாகச் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1941இல் வயிற்றில் புற்றுநோய் அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தார், நெடுநேரம் நிற்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கத்தரிக்கோலை எடுத்தார். பொய்யில்லை, ஆனால் பாதிதான். 1930களின் தொடக்கத்திலேயே, பார்ன்ஸ் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளருக்காகப் பெரிய சுவரோவியம் செய்தபோது, வண்ணத்தாள்களை வெட்டிக் குத்தி நகர்த்தித்தான் உருவங்களுக்கு இடம் பார்த்தார். அப்போது அது வெறும் ஒத்திகை. முதுமையில் அந்த ஒத்திகையே படைப்பாகிவிட்டது. நோய் அவரை அந்தப் பக்கம் தள்ளியது, அவ்வளவுதான்.

வேலை எப்படி நடந்தது என்றால், உதவியாளர்கள் வெள்ளைத்தாளில் கோவாஷ் என்ற கெட்டியான நீர்வண்ணத்தைப் பூசிக் காயவைத்துக் கொடுப்பார்கள். மத்தீஸ் பெரிய கத்தரிக்கோலால் நேராக அதில் வெட்டுவார். இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சாதாரணமாக ஓவியர் முதலில் கோடு போடுகிறார், பிறகு உள்ளே வண்ணம் நிரப்புகிறார். கோடு ஒரு வேலை, வண்ணம் இன்னொரு வேலை; இரண்டும் ஒத்துப்போகாமல் மத்தீஸை ஆயுள் முழுக்கப் படுத்தின. வண்ணத்தையே வெட்டும்போது, கத்தரி போகிற வழிதான் கோடு. இரண்டும் ஒரே கணத்தில் பிறக்கின்றன. 1952இல் செய்த 'நீல நிர்வாணம்' நான்கையும் பாருங்கள். தொடைக்கும் கைக்கும் நடுவே விட்ட மெல்லிய வெள்ளை இடைவெளிதான் உடம்புக்குக் கனம் தருகிறது. ஒரே நாளில் வருவதல்ல அது. அறுபது வருடம் வரைந்த கை.

வெட்டிய துண்டுகளை அவர் உடனே ஒட்டவில்லை, உதவியாளர்களிடம் சொல்லிக் குண்டூசியால் சுவரில் குத்தவைத்தார். தள்ளு, திருப்பு, இன்னும் மேலே என்று மாதக்கணக்கில் நகர்த்துவார். காற்றடித்தால் தாளின் ஓரம் அசையும். 1947இல் 'ஜாஸ்' நூலில் இவை அச்சேறியபோது அவருக்கு ஏமாற்றம்தான். அச்சில் அந்த உயிர்ப்பு தட்டையாகிவிட்டது.

இப்படிக் குண்டூசியில் தொங்கிய தாள்களால் அருங்காட்சியகங்களுக்குப் பெரிய தலைவலி. 1952 கோடையில், நீஸ் நகர வீட்டின் சாப்பாட்டு அறைச் சுவரைச் சுற்றி 'நீச்சல் குளம்' செய்தார். சாக்குத்துணி போர்த்திய சுவர், அதன்மேல் வெள்ளைத்தாள் பட்டை, அதில் பாய்ந்து நீந்தும் நீல உடல்கள். 1954இல் அவர் இறந்தபின் அதைப் புதுச் சாக்குத்துணியில் ஒட்டினார்கள். நியூயார்க் அருங்காட்சியகம் 1975இல் வாங்கியது. துணி கறுத்து, அதற்கும் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே இருந்த பொருத்தம் கெட்டுப்போனது. இருபது வருடத்துக்கு மேல் காட்சிக்கே வரவில்லை. பழைய துணியைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, புதுத் துணி மாற்றி, வீட்டில் இருந்த உயரத்திலேயே 2014 நியூயார்க் கண்காட்சியில் மறுபடி மாட்டினார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கண்காட்சியின் மிகப் பெரிய சாதனை அதுதான்.

டேட்டிடம் உள்ள 'நத்தை' (1953) கிட்டத்தட்ட மூன்று மீட்டர் சதுரம். என்றாவது அதன்முன் நிற்க வாய்த்தால், எட்ட நின்று பார்த்தபின் கிட்டப் போய் ஓரங்களைப் பாருங்கள். பூசிய தூரிகையின் வரிகளும் குண்டூசித் துளைகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன.