ஆளுக்கொரு ஸ்பானர்!

கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன தம்பதிகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியா கையால செஞ்ச வேலை எது?" என்று. பலருக்கும் பதில் வராது. பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், வீடு கட்டினோம் என்பார்கள். சரி, அதற்கப்புறம்? அவர் ஒரு அறையில், இவர் ஒரு அறையில். நடுவில் டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருக்கும்!

இங்கிலாந்தில் சில தம்பதிகள் இந்தக் கேள்விக்கு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறார்கள். "ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு கார் செஞ்சோம்!"

நம்ப முடியவில்லையா? நாமக்கல் பக்கம் லாரிக்குப் 'பாடி கட்டுகிறார்கள்' அல்லவா? அங்கே வீட்டு ஷெட்டிலேயே முழுக் காரையும் கட்டிவிடுகிறார்கள். இதற்குக் 'கிட் கார்' என்று பெயர். சேஸி, இன்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், வயர் எல்லாம் பெட்டி பெட்டியாக வாசலில் வந்து இறங்கும். பூட்டுவது உங்கள் பாடு!

காதலியின் வீட்டுக் கொல்லையில்...

இந்தக் கதையின் ஆரம்பமே ஒரு ஜோடிதான். 1948-ல் லண்டனில் காலின் சாப்மன் என்ற இளைஞர், பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து, புது உருவம் கொடுத்துப் பந்தயக் கார் செய்தார். எங்கே தெரியுமா? அவருடைய காதலி ஹேஸலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில். ஹேஸலும் கூட நின்று வேலை செய்தார். 1952-ல் 'லோட்டஸ்' கம்பெனி தொடங்க முதல் பணமாக 25 பவுண்டு கடன் கொடுத்தவரும் அவரே. 1954-ல் கல்யாணம்.

1957-ல் வந்தது 'லோட்டஸ் செவன்'. எடை ஏறக்குறைய 500 கிலோதான். முழுதாகப் பூட்டிய காருக்கு அப்போது அங்கே கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கினால் இல்லை. வரி மிச்சமாகிறதே என்று ஜனங்கள் வீட்டில் பூட்ட ஆரம்பித்தார்கள். 1973-ல் வரி முறை மாறி அந்த லாபம் போச்சு. ஆசை மட்டும் போகவில்லை! அதே ஆண்டு அந்தக் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போனது. இன்றும் அதன் வாரிசுகளைப் பெட்டியில் வாங்கலாம். பூட்ட ஏறத்தாழ 100 மணி நேரம் ஆகும் என்கிறார்கள். முடித்ததும் அரசாங்கப் பரிசோதனை. பிரேக், விளக்கு, புகையோடு, வெளியே நீட்டும் கூர்முனை வரை பார்த்துத்தான் ரோட்டில் விடுவார்கள்.

பிரேக் சொல்லும் பாடம்

'டாக்டர், இதுக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது.

பிரேக் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பெடல் மெத்தென்று இறங்கும், கார் சரியாக நிற்காது. அந்தக் காற்றை எடுக்கும் பழைய முறைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிப்பார். இன்னொருவர் சக்கரத்தருகே சின்ன நிப்பிளைத் திறப்பார். குமிழியோடு திரவம் வெளியேறும். நிப்பிளை மூடிய பிறகு "விடலாம்" என்பார். அப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். முந்திக் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். "அமுக்கு... பிடிச்சுக்கோ... இப்ப விடு!" ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டே ஆகணும். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் பலர் மறந்துபோன பழக்கம் இதுதானே!

விரலுக்கு வேலை, மூளைக்குக் கணக்கு, சாயங்காலம் பேச ஒரு விஷயம். ரிட்டையர் ஆன வீட்டில் மனச்சோர்வு எட்டிப் பார்க்காமலிருக்க இவை பெரிய துணை.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

ஆனால், ஓர் எச்சரிக்கை. என்னிடம் ஒரு அம்மா வந்தார். "ஞாயித்துக்கிழமையானா தலைவலி, குமட்டல். பித்தம் ஏறிடுச்சா டாக்டர்?" நாடி பார்த்தேன். கூட வந்த கணவரிடம், "உங்களுக்கு?" என்றேன். "எனக்கும் லேசா வரும். வெளியே போய் டீ குடிச்சா சரியாயிடும்" என்றார். டீயா சரி செய்தது? வெளிக்காற்று!

விசாரித்தால், இருவரும் சேர்ந்து பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் சத்தம் என்று திட்டுவார்களாம். அதனால் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார். அம்மா டார்ச் பிடித்து நிற்பார். நான் கஷாயம் எழுதவில்லை. "வண்டியை வெளியே தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். அடுத்த ஞாயிறு தலைவலி வரவில்லை.

இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்டும் இடத்தில் இது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். ஓரிடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, வெளியே வந்தால் தெளிகிறதா? சந்தேகப்படுங்கள். மயக்கமோ குழப்பமோ வந்தால் ஆளை வெளியே கொண்டுவந்து, உடனே ஆஸ்பத்திரி. அங்கே கொடுக்கும் பிராணவாயுதான் மருந்து. வீட்டு வைத்தியம் வேண்டாம். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

கை, கண், முதுகு

நம் ஊரில் வீட்டில் செய்த காருக்கு நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்டுவது லேசான காரியமில்லை. ஆனால் பழைய சைக்கிளோ, ஸ்கூட்டரோ பிரித்துப் பூட்டலாமே! எதைச் செய்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

* வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி நழுவும். கெட்டியான ஸ்டாண்டு கொடுத்து, ஆட்டிப் பார்த்த பிறகே குனியுங்கள்.

* ஃபைபர் கிளாஸ் தேய்த்தால் கண்ணாடி, மாஸ்க், முழுக்கை சட்டை அவசியம். அரித்தால் சொறியாதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதை இறுக வைக்கும் திரவம் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, கண் டாக்டரிடம் ஓடுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

* பெட்ரோலில் கை கழுவாதீர்கள். தோலின் எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் கிரீஸ் இளகும். பிறகு கடலை மாவு அல்லது சோப்பு.

* பழைய பிரேக் தூசியை ஊதாதீர்கள். பழைய வண்டிகளின் பிரேக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது.

* குனிந்தே வேலை செய்தால் வாதம் இடுப்பைப் பிடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நடங்கள். இரவில் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். கால் மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள்.

* கனமானதை இருவராகத் தூக்குங்கள். காரின் எடையைக் குறைக்க அத்தனை பாடுபட்ட சாப்மன், 1982-ல் 54 வயதில் மாரடைப்பால் இறந்தார். நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். தூக்கும்போது நெஞ்சு இறுகினால், வியர்த்தால், போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று. 'நீ டார்ச் பிடி, நான் பார்த்துக்கறேன்' என்று ஒருவர் மட்டும் வேலை செய்தால் இதில் பலனே இல்லை. இந்த வாரம் டார்ச்சை மாற்றிப் பிடியுங்கள். ஸ்பானர் அம்மா கையில் இருக்கட்டும். முதல் நட்டு கழன்றதும் அவர் முகத்தைப் பாருங்கள்... அப்படியொரு லேகியம் எங்கள் ஏட்டில்கூட இல்லை!