இசைத்தட்டும் உழைப்பும்: பே சிற்றி றோலர்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகள் பற்றிய ஒரு நோக்கு

வெகுசன இசை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடலின் சொற்களை இலக்கியப் படைப்புப்போல எடுத்து ஆராய்ந்து, அவற்றின் வெறுமையைச் சுட்டுவதுடன் அமைந்துவிடுகின்றனர். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் தோன்றி, 1970களின் நடுப்பகுதியில் பிரித்தானிய இளையோரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்ற பே சிற்றி றோலர்ஸ் குழுவை இம்முறையால் விளங்கிக்கொள்ள இயலாது. காதல், நடனம், சனி இரவு என்பவற்றுக்கு அப்பால் அப்பாடல்களிற் பொருள் தேடுவது வீண்வேலை. அவ்விசைத்தட்டுகள் எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் ஆக்கப்பட்டன என்ற வினாவே பயன்தருவதாகும்.

1971இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம்பெற்ற 'கீப் ஒன் டான்சிங்', அமெரிக்கக் குழுவொன்று 1965இல் வெளியிட்ட பாடலின் மறுபதிவே. 1974இன் வெற்றிப் பாடல்களை எழுதியோர் பில் மார்ட்டின், பில் கூல்ட்டர் என்னும் தொழின்முறைப் பாடலாசிரியர்கள். தொடக்கப் பதிவுகளில் வாத்தியங்களை இசைத்தோரும் பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட கலைஞர்களே. 'சற்றடே நைற்' பாடலின் வரலாறு இன்னுந் தெளிவானது. 1973இல் நொபி கிளாக்கின் குரலில் வெளிவந்தபோது அது விலைபோகவில்லை. அவர் விலகியபின் லெஸ் மக்கியூனின் குரலில் மீளப் பதிவுசெய்யப்பட்டு, 1976 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பாடலும் குழுவின் பெயரும் மாறவில்லை. குரல் மட்டும் இயந்திர உறுப்புப்போல மாற்றீடு செய்யப்பட்டது.

இதனைக் கண்டதும் அடோர்னோவின் 'பண்பாட்டுக் கைத்தொழில்' என்ற கருத்தைப் பொருத்திவிட்டு ஓய்ந்துவிடத் தோன்றும். அது அவசரமான முடிபாகும். 'வுடன்ற் யூ லைக் இற்' (1975) என்ற மூன்றாவது நெடுந்தட்டின் பாடல்களிற் பெரும்பாலானவை குழுவினர் தாமே எழுதியவை. எரிக் ஃபோக்னரும் ஸ்ருவட் வூட்டும் எழுதிய 'மணி ஹனி' அதே ஆண்டில் மூன்றாம் இடத்தை எட்டியது. அதன் கிற்றார் ஒலியிலுள்ள முரட்டுத்தன்மை, ஆறு வாரம் முதலிடத்திலிருந்த 'பை பை பேபி'யின் மெருகினும் எனக்கு உயிருள்ளதாகப் படுகின்றது. தமது உழைப்பின் மீது உரிமை கோரும் முயற்சியாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். சந்தை அதற்கு நெடுங்காலம் இடமளிக்கவில்லை. 1979இல் 'த றோலர்ஸ்' எனப் பெயரைச் சுருக்கி, புதிய பாடகருடன் வெளியிட்ட 'எலிவேற்றர்' கவனிப்பாரற்றுப் போயிற்று.

இக்குழுவின் ஸ்கொட்லாந்துத் தன்மை செவிக்குரியதன்று, கண்ணுக்குரியது. நாட்டார் இசையின் சாயலேனும் அற்ற இப்பதிவுகளை விற்றது டார்ட்டன் எனும் கட்டமிட்ட துணி. ஜேக்கபைற் கிளர்ச்சியின் பின்னர் மலைநாட்டு உடை 1746ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தடை 1782இல் நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வோல்ற்றர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் அது அரச விழாவின் அணியாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளின் பின் இசைத்தட்டு வணிகத்தின் கைக்குச் சென்றது, முன்னரே பொருளிழந்துவிட்ட அச்சின்னமே.

உழைப்புக்கும் ஊதியத்துக்குமிடையிலான முரண்பாடு ஈற்றில் நீதிமன்றத்தை அடைந்தது. உரிமப்பணம் முறையாக வழங்கப்படவில்லை எனக் கூறி, முன்னாள் உறுப்பினர்கள் 2007இல் அரிஸ்ரா நிறுவனத்தின் மீது நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தனர். இணக்கம் ஏற்பட்டபோது ஆண்டு 2016.